தவமணி அக்கா எங்களுக்குத் தந்த நித்திரை

செய்தி எனக்குச் சாம்பல்தீவுப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை. என் மகள் வதனியின் தள்ளுகதிரையில் இருந்த பஞ்சணையை ஒரு சிப்பாய் வழமைபோலக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலத்தின் மறுபக்கத்தால் வந்த மீன் வியாபாரி ஒருவர் என்னைக் கண்டு சைக்கிளை விட்டிறங்கினார். "தங்கச்சி, திரும்பிப் போங்கோ. தவமணியக்கா விடியக் காத்தால மோசம் போயிட்டா" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான், அதுவும் செத்துப்போனவர் மேல். இன்றைக்கு என் பிள்ளையை யார் பார்ப்பது என்று நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மத்தியானத்துக்குள் அந்தக் கோபம் வேறு ஆட்கள் பக்கம் திரும்பிவிட்டது. இன்று வரை அடங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நினைவுக்குழுத் தலைவர் வீடு தேடி வந்து கேட்டார். "நீங்கள் அவவோட நல்லாப் பழகினனீங்கள். ரெண்டு பக்கம் காணும். கோபமா ஒண்டும் வேண்டாம் பிள்ளை. வாசிக்கிற ஆக்களுக்குக் கண்ணீர் வரவேணும்" என்றார். வாசல்வரை போனவர் நின்று இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, அக்கா பார்த்த பிள்ளைகள் ஒன்பது பேரையும் படத்துக்கு முன்னால் வரிசையாக இருத்தி, வடை பாயசத்தோடு சாப்பாடு கொடுக்கப் போகிறார்களாம். படம் எடுக்கவும் ஆள் சொல்லியாகிவிட்டதாம். நான் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். தலைவர் ஐயா, அந்த மௌனத்தைச் சம்மதமென்று எடுத்திருந்தால் அது உங்கள் பிழை.

அக்காவைத் தெரியாத யாராவது இந்த மலரைக் கையில் எடுக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். தவமணி அக்கா சாம்பல்தீவில் பெண்களுக்குச் சட்டை தைத்துப் பிழைத்தவர். நடக்க ஏலாத, பேச ஏலாத, வலிப்பு வருகிற பிள்ளைகளைச் செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணி தொடக்கம் பின்னேரம் இரண்டு மணி வரை தன் வீட்டு முன்னறையில் வைத்துப் பார்த்தார். பெற்ற தாய்மார் கொஞ்சம் ஆறட்டும் என்பதற்காக. அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை இல்லை. திறப்பு விழாவும் நடக்கவில்லை.

அது தொடங்கியது என்னால்தான் என்று அக்கா எல்லோருக்கும் சொல்வார். வதனிக்கு அப்போது ஆறு வயது. கழுத்து நிற்காது, தானாக இருக்கமாட்டாள், இரவில் மூன்று நான்கு தரம் வலிப்பு வரும். கணவர் சவூதியில். தங்கையின் கலியாணத்துக்குச் சட்டை தைக்கவென்று பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு அக்காவிடம் போனேன். அவர் ஒரு பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தார். "இது முடியட்டும், அந்தக் கதிரையில இரு. பிள்ளையை இஞ்ச தா" என்றார். கொடுத்துவிட்டு இருந்தேன். கண் விழித்தபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. வதனி அக்காவின் இடக்கையில் சாய்ந்து கிடந்தாள். அக்கா காலால் மெசினை மிதித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் வதனிக்குப் பிடித்துப்போயிருந்தது. "அளவெடுத்தாச்சோ அக்கா?" என்று கேட்டேன். "ஓம். நீ எத்தினை நாள் நித்திரை கொள்ளேல்லை எண்டு அளவெடுத்தனான்" என்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமை கொண்டு வா. வெள்ளியும் கொண்டு வா. அந்த ரெண்டு நாளும் ஊர்ச் சனம் விரதம் பிடிச்சுக் கோயிலுக்குப் போகும். சட்டை தைக்க ஆரும் வாறேல்லை. எனக்கு நேரம் கிடக்கு" என்றார்.

சனம் கோயிலுக்குப் போகும் பாதை அக்காவின் வீட்டு வாசலால்தான் போகிறது. எட்டு வருஷமாக ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அர்ச்சனைத் தட்டும் கையுமாக நீங்கள் எல்லோரும் அந்த வாசலைத் தாண்டித்தான் போனீர்கள். உள்ளே பிள்ளைகள் கத்துவது உங்களுக்குக் கேட்கவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாய் அந்த ஆறு மணித்தியாலமும் வேலை செய்யக்கூடாது. சமைக்கக்கூடாது, தோய்க்கக்கூடாது, சந்தைக்கும் போகக்கூடாது. நித்திரை கொள்ளவேண்டும். சும்மா சொல்லிவிட்டு விடுகிற ஆளில்லை அவர். இரண்டு மணிக்குப் பிள்ளையை எடுக்கப் போனால் முதலில் எங்கள் கைகளைப் பிடித்துப் பார்ப்பார். விரல்கள் சவர்க்காரத் தண்ணியில் ஊறிச் சுருங்கியிருந்தால் வந்தது வினை. நான் ஒருமுறை அகப்பட்டேன். "என்ன இது? உன்ர உடுப்பைத் தோய்க்கவோ நான் உன்ர பிள்ளையைப் பார்க்கிறன்? ஊத்தை நாளைக்கும் கிடக்கும், ஓடாது. போய்க் கிட. நித்திரை வராட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு இரு" என்று மற்றத் தாய்மாருக்கு முன்னால் ஏசினார். கன்னத்தில் பாய்த் தழும்போடு வந்தால் முகமெல்லாம் சிரிப்பு. அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, "இது வடிவு" என்பார். அதற்காகவே நாங்கள் தலையணை இல்லாமல் படுத்தோம்.

தனக்குப் பிள்ளை குட்டி இல்லாத ஒருத்தி ஏன் இதைச் செய்யவேண்டும் என்று ஊரில் கதை இருந்தது. என்ன லாபம், எந்த நிறுவனத்தின் உதவி, எங்கே படம் காட்டப் போகிறா என்றெல்லாம். நானும் ஒருநாள் கேட்டேன், கொஞ்சம் நாகரிகமாக. "என்ர பிள்ளைக்குத்தான் செய்யவேணும் எண்டு எங்க எழுதி வைச்சிருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

நாளடைவில் பிள்ளைகளின் தொகை கூடிவிட்டது. மத்தியானச் சாப்பாடு, வலிப்பு மருந்து, பழந்துணி எல்லாம் தேவைப்பட்டன. அக்கா சல்லிக் கடற்கரையில் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி ஒருவரிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் நல்ல மனிதர். "கோயிலுக்கு எடுத்து வைக்கிற மாதிரி உங்களுக்கும் ஒரு பங்கு புண்ணியத்துக்கு வைக்கிறன் அக்கா" என்றார். நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "புண்ணியத்துக்கு வேண்டாம் தம்பி. அது மனம் மாறினா நிண்டுபோகும். கயிறு இழுத்த ஆளின்ர பங்கு தா. நாளைக்கு வந்து இழுக்கிறம்."

மறுநாள் விடிய நாங்கள் தாய்மார் நாலுபேர் அக்காவோடு கடற்கரையில் நின்றோம். பெண்கள் கயிற்றைத் தொட்டால் மீன் படாது என்று ஒரு கிழவர் மணலில் துப்பிவிட்டுத் தள்ளிப் போய் இருந்தார். இளம் பெடியங்கள் விசிலடித்தார்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். இடுப்பளவு தண்ணியில் நின்று ஏலேலோ என்று அவர் குரல் எடுத்தபோது விசிலடித்தவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். அன்று சாளை மீன்தான் பட்டது, அதுவும் அப்படி ஒன்றும் அதிகமில்லை. ஆனாலும் பங்கு பிரித்தபோது எங்களுக்கும் ஆள் பங்கு விழுந்தது. யாரும் தானமாகத் தரவில்லை. என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயிருந்தன. அக்கா பார்த்துவிட்டு, "இதுக்கு ஏசமாட்டன்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு வலை காலத்திலும் நாங்கள் முறை வைத்துக் கயிறு இழுத்தோம். எங்கள் பங்கு கரையிலேயே விலைபோய் அரிசியும் மருந்துமாக வீட்டுக்கு வந்தது. கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போட்ட மாதங்களில் அதுவும் இல்லை. கடலை மூடினவர்களுக்கு எங்கள் பிள்ளைகளின் மருந்தையும் சேர்த்து மூடியது தெரியாது. தெரிந்தாலும் திறந்திருக்கமாட்டார்கள் என்று வையுங்கள். அந்த மாதங்களில் அக்கா தன் வளையலை விற்றார். அதை யாருக்கும் சொல்லக்கூடாது என்றார், இப்போது சொல்லிவிட்டேன்.

இனிப் பானைக் கதைக்கு வருகிறேன். அப்பாவின் திவசம், அம்மாவின் ஆட்டத்திவசம், மகனுக்கு விசா கிடைத்த நேர்த்தி என்று சனம் பானை பானையாகச் சாப்பாடு கொண்டு வந்தது. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம், பிறகு ஆளைக் காணக்கிடைக்காது. ஒருநாள் அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வந்தவர் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக நின்றார். அவருக்குப் பின்னால் பானை தூக்கிக்கொண்டு இரண்டுபேர். "சோத்துக்கு நாங்கள் கயிறு இழுக்கிறம் ஐயா. எங்களுக்குக் கைதான் காணாது. பானையை வைச்சிட்டு நீங்களும் இருங்கோ, ரெண்டு மணி மட்டும். இந்தப் பிள்ளைக்குத் தீத்தி வாயைத் துடைச்சுவிட்டாச் சரி" என்றார் அக்கா. "நான் முழுகிக் கோயிலுக்குப் போற ஆள் தவமணி. இது எனக்கு ஏலாது" என்றார் அவர். பிறகு பானையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தலைவர் ஐயா, அது நீங்கள்தான். மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாய் துடைக்கப்படாமல் போன அந்தப் பிள்ளை வதனி.

அதே வருஷம்தான் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். எல்லோரும் பள்ளிக்கூட வளவுக்கு வரவேண்டும், வீட்டுக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது என்று கட்டளை. அது வெள்ளிக்கிழமை, பிள்ளையை விட்டுவிட்டு நான் அப்போதுதான் புறப்பட இருந்தேன். வீட்டில் பிள்ளைகள் ஒன்பதுபேர், பெரிய ஆட்கள் நானும் அக்காவும் மட்டும். உள்ளே வந்த ஆமிக்காரர் வெளியே போகும்படி சத்தம் போட்டார்கள். அக்கா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கினால் வருகிறோம், இல்லாவிட்டால் இங்கேயே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற ஒருவனின் கையில் வதனியை வைத்தார். அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு அவளை வாங்கிக்கொண்டான். அவளுடைய தலை பின்னால் சரிந்ததும் பயந்துபோய் முழங்கையால் முட்டுக்கொடுத்தான். எச்சில் அவன் சட்டையில் வழிந்தது. மேலிடத்திலிருந்து அந்த வீட்டை விடும்படி உத்தரவு வரும் மட்டும் கால் மணித்தியாலம் அப்படியே நின்றான்.

இதை எழுதுவதால் நான் அவர்களுக்கு நற்சான்று கொடுக்கிறேன் என்று யாரும் கதை கட்டவேண்டாம். அன்று பள்ளிக்கூட வளவுக்குப் போன ஆண்களில் எல்லோரும் வீடு திரும்பவில்லை, அது எனக்கும் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் என் பிள்ளையின் பஞ்சணைக்குள் கைவிட்டுத் தேடுகிறவர்களை நான் மன்னிக்கவுமில்லை. ஆனால் துவக்கோடு வந்தவன் என் பிள்ளையைக் கால் மணித்தியாலம் சுமந்தான். எட்டு வருஷத்தில் எங்கள் ஊரில் ஒருவரும் அவ்வளவு நேரம் சுமக்கவில்லை. இந்த வெட்கத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. இதை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் திட்டினால் அக்கா என் கையைப் பிடித்துப் பார்ப்பார்.

அவர் போவதற்கு மூன்று கிழமைக்கு முன்னால், ஒரு செவ்வாய் காலை, வதனியை இறக்கிவிட்டு நான் திரும்பும்போது அக்கா கூப்பிட்டார். "பிள்ளை, இண்டைக்கு ஒருக்கால் நீ இஞ்ச நிப்பியோ? எனக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு அலுவல் கிடக்கு" என்றார். எனக்கு முதல்நாள் இரவு முழுக்க நித்திரை இல்லை. கண் எரிந்தது. நான் சிரித்துக்கொண்டு, "என்னக்கா, உங்கட சட்டத்தை நீங்களே உடைக்கிறீங்களோ? இண்டைக்கு எனக்கு நித்திரை நாள்" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். "ஓம், அதுவும் சரிதான். போ, போய்க் கிட" என்றார்.

நான் போய்ப் படுத்தேன். நல்ல நித்திரை. இரண்டு மணிக்குத் திரும்பிப் போனபோது என் கன்னத்தில் பாய்த் தழும்பு இருந்தது. அக்கா அதைத் தடவி, "இது வடிவு" என்றார்.

அக்கா செத்த எட்டாம் நாள் அவருடைய தங்கை எனக்கு ஒரு கிளினிக் கொப்பியைக் காட்டினார். இருதய கிளினிக். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் அது நடக்கும். வரச்சொல்லி நாலு தரம் திகதி போட்டுக் கொடுத்திருந்தார்கள், நாலும் செவ்வாய். ஒன்றுக்கும் அவர் போகவில்லை. பாலத்தைத் தாண்டி, வரிசையில் நின்று, மருந்து எடுத்து வர ஒரு முழுநாள் வேண்டும். செவ்வாய்க்கிழமை எங்கள் பிள்ளைகள் அந்த முன்னறையில் கிடந்தார்கள். எங்களுக்கெல்லாம் ஆறுதல் கொடுத்த மனுசிக்கு ஒரு செவ்வாய் கிடைக்கவில்லை.

என்னை நான் ஏசிக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் அதே மூச்சில் எனக்கு இன்னொன்றும் கொதிக்கிறது. அந்த ஒரு நாளுக்கு அவர் ஏன் என்னிடம் வந்து கேட்கவேண்டியிருந்தது? நித்திரை கெட்ட ஒன்பது தாய்மாரை விட்டால் கேட்பதற்கு அவருக்கு யார் இருந்தார்கள்? வாசலால் ஊரே போய்வந்தது. அதில் ஒருவரைக்கூட அவர் கூப்பிடவில்லை, ஏனென்றால் முன்பு கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

செத்தவீட்டுக்கு மட்டும் எல்லோரும் வந்தீர்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு யாரும் கை கேட்கத் தேவையில்லை. வீட்டுக்கொருவர் தானாக வருவார். பந்தல் போட, தண்ணி அள்ள, தேத்தண்ணி ஊற்ற, பாடை கட்ட என்று அன்று அந்த முன்னறை கொள்ளாத கூட்டம். நடக்க இடமில்லாமல் வதனியின் தள்ளுகதிரையைத் தூக்கிக் குசினிக்குள் வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கதிரைக்குச் சைக்கிள் சில்லுப் பூட்டி அக்கா செய்வித்த கதிரை அது. "செத்தவீட்டுக்கு வாற கையில பாதி வந்தாலும் எனக்குக் காணும்" என்று அவர் ஒருமுறை சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. நான் எழும்பிக் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

தலைவர் ஐயா, இந்தக் கட்டுரையை மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். போடாவிட்டால் முப்பத்தோராம் நாள் பந்தலில் எழும்பி நின்று நானே வாசிப்பேன். எங்கள் பிள்ளைகள் அன்று படத்துக்கு முன்னால் வரிசையில் இருக்கமாட்டார்கள். பாயசமும் வேண்டாம். அக்கா வாசலில் மறித்த பானையை அவர் செத்தபிறகு உள்ளே கொண்டுவர நான் விடமாட்டேன்.

அக்காவின் தங்கை முன்னறையைப் பூட்டவில்லை. மெசினும் அங்கேதான் இருக்கிறது. போன கிழமை நான் சும்மா மிதித்துப் பார்த்தேன், வதனி தலையைத் திருப்பிப் பார்த்தாள். அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவருடைய செவ்வாய்க்கிழமையை. இனி ஒவ்வொரு செவ்வாயும் காலை எட்டு மணிக்கு அந்தக் கதவை நான் திறப்பேன். மற்ற எட்டுத் தாய்மாரும் பிள்ளைகளை என்னிடம் தந்துவிட்டுப் போய்ப் படுக்கவேண்டும். இரண்டு மணிக்குக் கை பார்ப்பேன்.

நான் நித்திரை கொள்ள எனக்கு ஒரு நாள் வேண்டும். செவ்வாய்க்கு நான் இருக்கிறேன். வெள்ளிக்கு இன்னும் ஆள் இல்லை.